ஞானஸ்நானத்துக்குக் குடுத்த ஷேர்

மண்ணடி, மெட்ராஸ்
17.11.1985

அக்கா, நம்ம பட்டறை ஷேர் மார்க்கெட்டுக்கு வரப்போவுது, பேப்பர்ல நம்ம பேரு வரப்போவுது, இத்த ஒக்காந்து படி, நின்னுக்கினு படிச்சா விழுந்துடுவ!

இரு, மூச்சு வாங்கிக்கறேன்.

நேத்து இங்க ஒரு பேங்க்கு வாசல்ல க்யூ பாத்தேன். புதுப்படம் மொத ஷோவுக்குக்கூட அப்பிடி ஒரு க்யூ நான் பாத்ததில்ல. எதோ நட்டு போல்ட்டு பண்ற கம்பெனியாம். மொத தடவையா ஜனங்களுக்கு ஷேர் வுடறாங்க. ஃபாரம் வாங்க வாத்தியார் நிக்கறார், நர்சம்மா நிக்கறாங்க, புடவைக்கடைக்காரர் கடைய பூட்டிட்டு வந்து நிக்கறார். எனக்கு முன்னாடி நின்ன பெரியவரு, "இன்னா கம்பெனிப்பா இது"ன்னு என்னையே கேக்கறார். அவங்க கேட்டதப்போல பல மடங்கு ஃபாரம் வந்து குவிஞ்சிடுச்சின்னு ஆபீசுல பேசிக்கறாங்க.

நான் பத்தாவதோட நின்னவன். இந்த புரோக்கர் ஆபீசுல டீ வாங்கவும் பேப்பர் கட்டு தூக்கவும்தான் என்னை சேத்தாங்க. அந்தக் கட்டுல இருக்கறத நானா படிச்சி நானா கத்துக்கினேன். வடை சுத்தி வர்ற பேப்பர்ல மார்க்கெட் விலை இருந்தா, வடைய வச்சிட்டு அத்த படிப்பேன். மத்தவன் நடிகருக்கு ரசிகன், நான் மார்க்கெட்டுக்கு ரசிகன். தப்பா?

அப்பா செத்து அஞ்சு வருஷமா நீ அந்த பட்டறைய தனியா இழுத்துக்கினு கெடக்கற. வாரத்துக்கு ரெண்டு நாள் உருக்கு, இரும்ப காச்சி அச்சுல ஊத்தறது. கெணத்து பம்பு அடில மாட்டற அதே ஃபுட்வால்வு, அதே பாகூர் பக்கத்து பம்புசெட்டு கடைங்க. ஏன் பெருசாவல? போட துட்டு இல்ல. ஏன் இல்ல? நம்ம கம்பெனி பிரைவேட்டு, வெளியாளு உள்ள வரமுடியாது. மார்க்கெட்டுக்கு வந்துட்டா ஊரே வரும். அப்பா பங்குல பாதி உனக்கு, பாதி எனக்கு. நாம ரெண்டு பேரும் சரின்னா போதும்.

உடனே பதில் போடு.

உன் தம்பி
இன்னாசிமுத்து

---

சேசு மரி சூசை

வில்லியனூர்
24.11.1985

இன்னாசிக்கு,

உன் லெட்டர நின்னுக்கினுதான் படிச்சேன். விழல. உலை பத்த வச்சிருந்த நேரம், ஒக்கார எடமில்ல.

நீ சொல்றதுல பாதி எனக்குப் புரியல. புரிஞ்ச பாதில எனக்கு ஆசை இல்ல. நான் சொல்ற சேதிய கேளு.

கோயமுத்தூர்லேருந்து ஒருத்தர் வந்தாரு. பம்பு கம்பெனிக்காரரு. பட்டறைய சுத்திப் பாத்தாரு. நம்ம மேஸ்திரி சுப்புராயன் மண்ணுல அச்சு எடுக்கறத நின்னு பாத்தாரு. பாண்டிச்சேரில வரி கம்மியாம், அதனால இங்க ஒரு பட்டறை வேணுமாம். நியாயமான வெல சொன்னாரு. ஒரே ஒரு கண்டிசன், முழுசா வேணும். ஒரு ஷேர்கூட வெளிய நிக்கக்கூடாதாம்.

அப்பா போனதுலேருந்து என் பாதிய மட்டுமாவது வித்துடலாம்னு நான் கேக்காத ஆளு இல்ல. யாரும் தொடல. உசுரோட நிக்கற மாட்டுல ஒரு காலு மட்டும் விக்கறேன்னா எவன் வாங்குவான்? அன்னிக்கி ரெண்டாவது உலை போடறதுக்கு அந்த ஜவுளிக்கடை முதலாளிய துட்டு போடச் சொல்லி போயி நின்னேனே, உனக்கு ஞாபகம் இருக்கும். நல்ல மனுசன். மோர் குடுத்தாரு. குடுத்துட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டாரு: "போடறேன்மா. எனக்கு வேணும்னு தோணுனா எப்பிடி எடுப்பேன்?" மோர குடிச்சிட்டு வந்துட்டேன். ரெண்டாவது உலை அதோட போச்சி. வெளிய போற வழி தெரியாத வூட்டுக்குள்ள எவனும் நுழைய மாட்டான்டா.

உங்க அத்தான் புள்ளைய கூட்டிக்கினு பிரான்சுல இருக்கற தூலோனுக்குப் போயி ஆறு வருஷமாவுது. நான் அங்க போவறதுக்கு காகிதமெல்லாம் எப்பவோ வந்துடுச்சி. "இந்த வருஷம் வரியா"ன்னு ஒவ்வொரு வருஷமும் எழுதறாரு, "அடுத்த வருஷம்"னு நானும் எழுதறேன். போன வெயிலுக்கு எம்புள்ள மரியதாஸ் லீவுல வந்தான். என்னைவிட ஒசந்துட்டான். என்கிட்ட எதோ பிரெஞ்சுல சொல்லிட்டு, அப்பறம் நெனப்பு வந்து தமிழ்ல சொன்னான். பெத்த புள்ள எனக்கு மொழி மாத்தி சொல்றான்.

பட்டறைய பூட்டிட்டு போவலாம். பூட்டுனா சுப்புராயனும் மத்தவங்களும் மறுபடியும் கூலிக்கி நெல்லு அறுக்கப் போவணும். அது என்னால ஆவாது. அதனாலதான் விக்கணும்.

இன்னொரு தொல்லை. அப்பா ஞானத்தகப்பனா நின்ன புள்ளைங்களுக்கு ஞானஸ்நானத்தப்போ மோதிரம் போடாம ஷேர் குடுத்துட்டு வந்தாரே. சர்டிபிகேட்டு பின்னாடி புள்ள பேர எழுதி, கையெழுத்து போட்டு, மாலையோட குடுத்துடுவாரு. கம்பெனி ரிஜிஸ்தர்ல ஒண்ணையும் ஏத்தல. இப்ப அத்தனையும் ஊரெல்லாம் சேசு படத்துக்குப் பக்கத்துல கண்ணாடி போட்டு தொங்குது. ஒவ்வொண்ணா போயி கேக்கணும். நான் கேக்கறேன். நீ உன் பங்குக்கு கையெழுத்து போட்டு அனுப்பு. ஃபாரம் உள்ள வச்சிருக்கறேன்.

அக்கா
அன்னாமேரி

---

மண்ணடி
2.12.1985

அக்கா,

ஃபாரம் வந்துச்சி. போட மாட்டேன். கோச்சிக்காத, காரணம் சொல்றேன்.

கோயமுத்தூர்காரர் இன்னா முட்டாளா? மார்க்கெட்டு இப்பிடி ஏறிக்கினு இருக்கற நேரத்துல, எவனும் பேர் கேட்டிராத ஒரு பட்டறைய தேடிக்கினு வில்லியனூருக்கு வர்றாருன்னா, அத்த வாங்கி நாளைக்கி தன் கம்பெனியோட சேத்து காட்டி, அவரு பப்ளிக்குக்கு போவப்போறாரு. நாம வாங்கற வெல அவருக்கு கொசுறு. எங்க புரோக்கர் சாமிநாதன் சார்கிட்ட கேட்டேன். "உங்க கம்பெனி ரொம்ப சின்னதுப்பா, இவ்ளோ முதல் இருந்தாத்தான் சேப்பாங்கன்னு ரூல் இருக்குது"ன்னாரு. சரி, அப்ப பெருசு பண்ணுவோம். பெருசு பண்ண துட்டு வேணும், துட்டுக்கு மார்க்கெட்டு வேணும், மார்க்கெட்டுக்கு பெருசாவணும்னு நீ சொல்லுவ. தெரியும். எங்கனா ஒரு பக்கம் ஆரம்பிக்கணும்ல.

அத்தான் ஆறு வருஷம் பொறுத்தாரு, இன்னும் ஒரு வருஷம் பொறுக்கட்டும். அப்பறம் நீ போவறப்போ தூலோன்ல வூடே வாங்கலாம்.

கிறிஸ்மஸுக்கு வர்றேன். வந்து நம்ம ஜனங்ககிட்ட நானே பேசறேன்.

இன்னாசி

---

சேசு மரி சூசை

வில்லியனூர்
19.1.1986

இன்னாசிக்கு,

நல்லா பேசிட்டுப் போன.

என் சைக்கிள எடுத்துக்கினு காலைல போனவன் பொழுது சாஞ்சி வர்றியே, கூட்டாளிங்கள பாக்கப் போறன்னு நெனச்சேன். நீ ஒவ்வொரு வூடா போயிருக்கற. உறுவையாறு போயிருக்கற. குருவிநத்தம் வரைக்கும் மிதிச்சிருக்கற. இப்ப நான் அதே வழில போறேன், எல்லாரும் என்னைப் பாத்து சிரிக்கறாங்க.

குருவிநத்தத்துல சவரிராயன் வூட்டுக்குப் போனேன். அவன் பையனுக்கு அப்பா குடுத்த ஷேர் கூடத்துல தொங்குது. பல்லி முட்டை வச்சிருக்குது கண்ணாடிக்குள்ள. நான் கோயமுத்தூர்காரரு வெலைய சொன்னேன். அவன் ஒக்காந்து வெத்தல மடிச்சிக்கினே சொல்றான்: "இன்னாசி பத்து மடங்குன்னு சொல்லிட்டுப் போனான். நீ ஒரு மடங்குக்கு கேக்கற. அக்காளும் தம்பியும் உங்களுக்குள்ள பேசிட்டு வாங்க, நான் எங்க ஓடப்போறேன்."

காசம்மாகிட்ட போனேன். அது உன் பேச்சையும் நம்பல, என் பேச்சையும் நம்பல. "என் பெரிய பொண்ணுக்கு அய்யா குடுத்த பரிசு. மாதா படத்துக்குப் பக்கத்துல வச்சத கழட்டிக் குடுன்னு கேக்கறியே, நாளைக்கி அவ கழுத்துல கெடக்கற மாதா சுரூபத்தையும் கேப்பியா?"ன்னுச்சி.

கோயமுத்தூர்காரரு ஆடிட்டர அனுப்பினாரு. அவரு சொன்னதுல எனக்கு விளங்கினது இதான். பிரைவேட்டு கம்பெனில பங்குதாரங்க அம்பது பேருக்கு மேல இருக்கக்கூடாதாம். அப்பா குடுத்ததெல்லாம் ரிஜிஸ்தர்ல ஏத்துனா அம்பது தாண்டிடும். ஏத்தலன்னா அது யார் ஷேருன்னே சொல்ல முடியாது. "உங்க அப்பா எத்தனை புள்ளைங்களுக்குமா ஞானத்தகப்பன்"னு கேட்டாரு. நம்ம கோயில் பங்குல பாதிப் புள்ளைங்களுக்குன்னேன். அவரு பேனாவ மூடி வச்சிட்டாரு.

ஆனாலும் கோயமுத்தூர்காரரு நல்லவிதமா இருக்கறாரு. உன் கையெழுத்தும் என் கையெழுத்தும் மொதல்ல வரட்டும், மத்தத வச்சி பொறுமையா பாக்கலாம், ஆனா ஈஸ்டருக்குள்ள தெரியணும்னு சொல்லிட்டாரு.

போடுறா. கெஞ்சறேன்னு வச்சிக்க.

அன்னாமேரி

---

மண்ணடி
9.3.1986

அக்கா,

ஒரு மாசம். ஒரே ஒரு மாசம் குடு.

பட்ஜெட்டு வந்துச்சி, பாத்தியா? இங்க ஆபீசுல யாரும் சோறு துண்ணல. நான் எழுதி எழுதி வெரல் வீங்கிப் போச்சி. சாமிநாதன் சாருக்குத் தெரிஞ்ச ஒருத்தரு சின்ன கம்பெனிங்களுக்கெல்லாம் வழி பண்ணிக் குடுக்கறாராம். திங்கக்கெழமை வரச் சொல்லியிருக்கறாரு. ரெண்டு திங்கக்கெழமை போனேன், ஆளு ஊர்ல இல்ல. மூணாவது திங்க பாத்துடுவேன்.

இத்த வுட்டா நாம சாவற வரைக்கும் வில்லியனூர்ல ஃபுட்வால்வு ஊத்திக்கினே இருப்போம். அப்பாவும் அப்பிடியே போயிட்டாரு. எனக்கு அது வேணாம்.

உனக்கு கோவம் வரும். வரட்டும். ஒருநாள் இந்த லெட்டர எடுத்துப் படிச்சி சிரிப்ப.

இன்னாசி

---

வில்லியனூர்
22.6.1986

இன்னாசிமுத்துவுக்கு,

கோயமுத்தூர்காரரு பாகூர் பக்கத்துல ஒரு பட்டறைய வாங்கிட்டாரு. அவங்ககிட்ட ரெண்டே பேரு கையெழுத்துதானாம். நேர்ல வந்து சொல்லிட்டுத்தான் போனாரு. வரணும்னு அவசியமில்ல, வந்தாரு. "உங்க பட்டறைதாம்மா நல்லது. ஆனா எனக்கு கைக்கு வர்றது வேணும்"னாரு. சுப்புராயன்கிட்டயும் சொல்லிட்டுப் போனாரு. சுப்புராயன் அன்னிக்கி பொழுது சாயற வரைக்கும் உருக்கு ஊத்திக்கினே இருந்தான்.

உங்க அத்தானுக்கு எழுதினேன். எப்பவும் நாலு பக்கம் எழுதறவரு. இந்த தடவை வந்ததுல "இனிமே நான் கேக்க மாட்டேன் அன்னம், உனக்கு எப்ப தோணுதோ அப்ப வா"ன்னு இருந்துச்சி. திட்டியிருந்தா தேவலாம். கேக்கறவங்க கேக்கறத நிறுத்திட்டா அதுக்குப் பேரு இன்னான்னு எனக்குத் தெரியும்.

உன் மேல கோவமில்ல. கோவப்படறதுக்கும் தெம்பு வேணும். கொஞ்ச நாளைக்கி லெட்டர் போடாத.

அன்னாமேரி

---

மண்ணடி
15.2.1987

அக்கா,

போடாதன்னு சொன்ன. எட்டு மாசம் போடல. இப்பவும் நீ கிழிச்சிப் போட்டா சரிதான். ஆனா கிழிக்கறதுக்கு முன்னாடி படி.

மார்க்கெட்டு எறங்கிக்கினே இருக்குது. ஒரேயடியா விழுந்தாக்கூட எழுந்து ஓடலாம். இது கெணத்துல படி எறங்கற மாதிரி எறங்குது. க்யூவுல நின்ன அந்தப் பெரியவர போன மாசம் மவுண்ட் ரோட்டுல பாத்தேன். நட்டு போல்ட்டு ஷேர் இன்னா ஆச்சின்னு நான் கேக்கறதுக்குள்ள எதிர்ப்பக்கம் போயிட்டாரு.

ஆனா என்னை ஆட்டி வச்சது அது இல்ல. இன்னொண்ணு.

செகண்ட் லைன் பீச்சுல ஷேர் விக்கற வாங்கற எக்ஸ்சேஞ்சு இருக்குது இல்ல, அதுக்குள்ள ரிங்குன்னு ஒரு கூடம். புரோக்கருங்க வட்டமா நின்னு கூவுவாங்க. சாமிநாதன் சாருக்கு சீட்டு தூக்கிக்கினு நான் உள்ள போவேன். முன்னெல்லாம் அது எனக்கு திருவிழா. போன வாரம் சேலம் பக்கத்துலேருந்து ஒருத்தரு வந்தாரு. அலுமினியப் பாத்திரம் பண்ற கம்பெனி, அவரே ஆரம்பிச்சது, அவரே முதலாளி. நாலு வருஷத்துக்கு முன்னாடி மார்க்கெட்டுல சேத்து லிஸ்ட் ஆயிடுச்சி. பேப்பர்ல பேரு வருது. அவருக்கு ஒடம்பு முடியல, தன் ஷேர்ல கொஞ்சம் வித்துட்டு ஒதுங்கலாம்னு வந்துருக்கறாரு. சார் ரிங்குல போயி பேர சொன்னாரு. வாங்கறேன்னு ஒரு குரலு வரல. மறுபடி சொன்னாரு. யாரோ ஒருத்தன் "அது உசுரோட இருக்குதா?"ன்னான். எல்லாரும் சிரிச்சாங்க. சேலத்துக்காரரு வெளிய பெஞ்சுல ஒக்காந்துருக்கறாரு, இந்தச் சிரிப்பு அவருக்கு கேக்குது.

பேப்பர்ல அவரு கம்பெனிக்கி நேரா ஒரு வெல போட்டுருக்குது. அது எப்பவோ ஒருத்தன் வாங்கினப்போ இருந்த வெல. அதையே தெனம் அச்சடிக்கறாங்க. அவரு அந்த வெலைய நம்பி பஸ் ஏறி வந்துருக்கறாரு.

நான் அவருக்கு டீ வாங்கியாந்து குடுத்தேன்.

லிஸ்ட் ஆவறது ஒண்ணு, கை மாறுறது வேற ஒண்ணுக்கா. ஊரே வரும்னு உனக்கு எழுதினேன். ஊரு பெரிய கம்பெனிக்கி மட்டும்தான் வருது. நம்மள மாதிரி சின்னதுக்கு அங்க போனாலும் இங்க இருந்தாலும் ஆளு இல்ல. பத்து மடங்குன்னு ஒவ்வொரு வூடா சொன்னேனே, அந்த பத்து மடங்குக்கு எதிர்ல ஒருத்தன் நின்னு வாங்கணும்னு எனக்கு அப்ப தோணவே இல்ல.

அப்பறம் ரெண்டு நாள் தூக்கமில்லாம ஒரு விசயம் யோசிச்சேன். இப்ப நான் குதிக்கல, மெதுவா சொல்றேன்.

அந்த அம்பது பேரு சட்டத்த முழுசா படிச்சேன். கம்பெனில வேலை செய்யறவங்க பங்கு வச்சிருந்தா அவங்கள அந்த அம்பதுல சேக்கறதில்ல. ஒரே வூட்டுல ரெண்டு மூணு புள்ளைங்களுக்கு இருக்கற ஷேர அவங்க அம்மா பேர்ல ஒண்ணா ஏத்துனா தலை கொறையும். அப்ப எல்லாத்தையும் ஒழுங்கா ரிஜிஸ்தர்ல ஏத்தலாம். ஏத்திட்டு, வருஷத்துக்கு ஒருநாள், ஒரே நாள், பட்டறைலயே விக்கறவங்களும் வாங்கறவங்களும் ஒண்ணா சேந்தா இன்னா? நம்ம ஜனம் எங்க இருந்தாலும் ஈஸ்டர் கழிஞ்சி மாதா கோயில் திருவிழாவுக்கு வந்துடும். தெனம் நடக்கற மார்க்கெட்டுக்கு நமக்கு ஆளு இல்ல. வருஷத்துக்கு ஒருநாள்னா இருக்குதோ என்னவோ.

உன் பழைய ஃபாரத்துல கையெழுத்து போட்டு உள்ள வச்சிருக்கறேன். முழுசா விக்கறதுக்கு எவனாவது வந்தா, என்னைக் கேக்காம வித்துடு.

இன்னாசி

---

சேசு மரி சூசை

வில்லியனூர்
8.3.1987

இன்னாசிக்கு,

கிழிக்கல.

உன் ரோசனைய படிச்சப்போ எனக்கு அலுப்புதான் வந்துச்சி. இவன் மறுபடியும் ஆரம்பிச்சிட்டான்னு லெட்டர மடிச்சி சாமி மாடத்துல வச்சிட்டேன். ஒரு வாரம் தொடல. அப்பறம் உருக்கு முடிஞ்சி எல்லாரும் கை கழுவிக்கினு இருந்தப்போ சும்மா சுப்புராயன்கிட்ட சொன்னேன். அவன் துண்டால மூஞ்ச தொடச்சிக்கினே இருந்தான். அப்பறம் கேட்டான்:

"வாங்கறேன்மா. நாளைக்கி எம்பொண்ணுக்கு கல்யாணம் வந்தா அத்த யாரு வாங்குவா?"

ஜவுளிக்கடை முதலாளி கேட்ட அதே கேள்வி. இந்த தடவை நான் மோர் குடிச்சிட்டு வரல. அடுத்த திருவிழாவுக்கு இன்னொருத்தன் வாங்குவான், அதுக்கு அடுத்த திருவிழாவுக்கும் இதே எடம் இருக்கும்னு சொன்னேன். "எழுதிக் குடுப்பியா"ன்னான். குடுக்கறேன்னேன். சரின்னுட்டான். அவன் சரின்னதும் கூட இருந்தவங்க ஒருத்தன் மூஞ்ச ஒருத்தன் பாத்துக்கினாங்க.

இதுல நீ எதிர்பாக்காத ஒண்ணு சொல்றேன். காசம்மா வந்துச்சி. சண்டைக்கித்தான் வருதுன்னு நெனச்சேன். அதோட பெரிய பொண்ணு எலிசாவுக்கு நம்ம அப்பா ஷேர் குடுத்தாரு. சின்னவ பொறந்தப்போ அப்பா இல்ல, அவளுக்கு கிடைக்கல. ரெண்டு வருஷமா சின்னது அந்தக் கண்ணாடிய காட்டி, "அக்காவுக்கு மட்டும் இருக்குது, எனக்கு ஏன் இல்ல"ன்னு அழுவுதாம். அக்காகாரி வேற அதுக்குக் கீழ நின்னுக்கினு நாக்க துருத்திக் காட்டறாளாம். "பரிச விக்க மாட்டேன்னு சொன்னேன். வாங்க மாட்டேன்னு சொன்னேனா? சின்னவளுக்கு ஒண்ணு குடு"ன்னுச்சி.

இத்தனை வருஷமா வாங்க ஆளில்லன்னு ஊர் ஊரா பாத்தேன். அப்பா போனதுக்கு அப்பறம் பொறந்த புள்ளைங்க நம்ம கோயில் பங்குல எத்தனை வூட்டுல இருக்குது. அண்ணன்கிட்ட ஷேர் இருக்குது, தம்பிகிட்ட இல்ல. அம்மாக்காரிங்களுக்கு இதாலயே தலைவலி. என் பாதிய வாங்கற ஆளுங்க என் மூக்குக்கு நேரா இருந்துருக்கறாங்க, நான்தான் அவங்க வூட்டுல போயி விக்கச் சொல்லி கேட்டுக்கினு நின்னேன்.

சரி, திருவிழா கடைசி ஞாயித்துக்கெழமை வைக்கறேன். நீ வந்துடு. ஆனா வாயத் தொறக்காத.

அக்கா

---

மண்ணடி
29.3.1987

அக்கா,

காசம்மா சேதிய நாலு தடவை படிச்சேன். சாமிநாதன் சார்கிட்ட சொன்னேன். "இத்தனை வருஷம் இந்த வேலைல இருக்கறேன், பொறாமைல வாங்கறத பாத்துருக்கறேன், ஆனா இப்பிடி ஒழுங்கான பொறாமைய பாத்ததில்ல"ன்னாரு.

நான் வரல. வாயத் தொறக்காம இருக்க என்னால ஆவாது. ஒருத்தன் வெல சொன்னா நான் அதுக்கு மேல ஒண்ணு சொல்லிடுவேன். என் மொகத்த பாத்தாலே சவரிராயன் பத்து மடங்குன்னு ஆரம்பிப்பான். அந்த மொத நாளு நான் இல்லாம நடக்கட்டும்.

வெல எப்பிடி வைப்ப? ரிங்குல கூவற மாதிரி கூவ வைக்கலாம், ஆனா நம்ம ஜனம் கூவுமா தெரியல. என் பாதிய ஒண்ணும் விக்காத. உன்னுது மொதல்ல போவட்டும்.

இன்னாசி

---

சேசு மரி சூசை

வில்லியனூர்
10.5.1987

இன்னாசிக்கு,

நடந்துச்சி.

கோயில்ல பெரிய பூச முடிஞ்சி ஜனம் நேரா பட்டறைக்கி வந்துச்சி. அச்சு மண்ண ஒதுக்கிட்டு பெஞ்சு போட்டு வச்சிருந்தேன். வந்தாங்க, ஒக்காந்தாங்க, ஒருத்தரும் வாயத் தொறக்கல. ஞானஸ்நானத்துக்குக் குடுத்தத நாலு பேரு முன்னாடி வெல சொல்ல எல்லாருக்கும் கூச்சம். நீ சொன்னதப்போல யாரும் கூவல. கலர் குடிச்சாங்க. மொறுக்கு துண்ணாங்க. அவ்ளோதான், இதுவும் போச்சின்னு நெனச்சேன்.

அப்பறம் சுப்புராயன் எழுந்தான். உறுவையாத்துல நெல்லு அறுப்பு இல்லாத நாள்ல மாட்டுத் தரகு பாத்தவன்தான அவன், பட்டறைக்கி வர்றதுக்கு முன்னாடி. தோள்ல கெடந்த துண்ட எடுத்து தன் கை மேல போட்டுக்கினான். வாங்கறவங்க ஒவ்வொருத்தரா வந்து துண்டுக்குள்ள கைய வுட்டு, வெரல புடிச்சி வெல சொல்லணும். அவன் என்கிட்ட வந்து அதே மாதிரி சொல்லுவான். நான் சரின்னா தலையாட்டுவேன். மாட்டுச் சந்தைல பண்றதுதான். யாரு என்ன சொன்னாங்கன்னு யாருக்கும் தெரியாது, யாருக்கும் வெக்கமில்ல. காசம்மாதான் மொதல்ல கைய வுட்டுச்சி. "ஆம்பளைங்கதான் துண்டுக்குள்ள கைய வுடணுமா"ன்னு சவரிராயன பாத்து கேட்டுட்டு வுட்டுச்சி.

மொதல்ல வெல தாறுமாறா வந்துச்சி. ஒருத்தர் அடிமாட்டு வெல, ஒருத்தர் ஆகாசத்துல. நேரம் போவப் போவ, துண்டுக்குள்ள போட்டாலும், ஒருத்தர ஒருத்தர் பாக்கலனாலும், எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே வெலைல வந்து நின்னுட்டாங்க. எப்பிடின்னு எனக்குப் புரியல. நீ படிச்சவன், உனக்குத் தெரியும்.

கோயமுத்தூர்காரரு சொன்னத விட கம்மிதான். அத்த உன்கிட்ட மறைக்கல. ஆனா அன்னிக்கி இருந்தது ஒரே ஒரு ஆளு, அவரு போனா ஒண்ணுமில்ல. இன்னிக்கி இருக்கறது வெல. சின்ன வெல. அடுத்த வருஷமும் இருக்கும்.

சவரிராயன் அவன் பையனுத வித்தான். "பத்து மடங்கு வரைக்கும் உசுரோட இருக்க மாட்டேன்"னு சொல்லிட்டு வித்தான். வாங்கினது நம்ம பட்டறை ஆளு ஒருத்தன். என்னுத சுப்புராயனும் பசங்களும் அம்மாக்காரிங்களும் சேந்து வாங்கினது போவ, மூணுல ஒரு பங்கு இன்னும் என் கைல நிக்குது. மொத்தத்தையும் வித்துட்டுதான் போவணும்னு இத்தனை வருஷம் இருந்தேன். அன்னிக்கி எல்லாரும் போனதுக்கு அப்பறம் பெஞ்சுல தனியா ஒக்காந்து யோசிச்சேன். அது நிக்கட்டும். வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமா போவும். அதுக்கு நான் இங்க நிக்கணும்னு இல்ல.

உங்க அத்தானுக்கு எழுதினேன். ஜூன்ல வர்றேன்னு. "அடுத்த வருஷம்"னு எழுதி எழுதி பழகின கை, ஜூன்னு எழுதறப்போ ரெண்டு தடவை அடிச்சி அடிச்சி எழுதுச்சி. பதில் இன்னும் வரல. வந்தாலும் வராட்டியும் டிக்கெட்டு எடுத்துட்டேன். அங்க போயி எங்களுக்குள்ள இன்னா மிச்சம் இருக்குதுன்னு எனக்குத் தெரியாது. இங்க ஒக்காந்து தெரிஞ்சிக்க முடியாதுன்னு மட்டும் தெரியும்.

பட்டறைய சுப்புராயன் பாத்துப்பான். அவன் இப்ப கூலி இல்ல, பங்காளி. ரெண்டாவது உலைக்கி அந்த ஜவுளிக்கடை முதலாளிய போயி பாக்கறேன்னு சொல்றான். துண்டையும் எடுத்துக்கினு போவானாம். நீ மாசத்துக்கு ஒருக்கா வந்து கணக்கு பாரு, போதும்.

நான் நெனச்ச மாதிரி கதவு விரியத் தொறக்கல. ஒரு ஆளு ஒருக்களிச்சி போற அளவுக்குத் தொறந்துருக்குது. நானும் இந்த வருஷத்துல நல்லா இளைச்சித்தான் போயிருக்கறேன்.

ஒண்ணு மட்டும் செய். ஆவடில, பெரம்பூர்ல, ரயில்வேல, மில்லுல நம்ம ஊரு புள்ளைங்க இருக்கறாங்க. அப்பா குடுத்த ஷேர் வூட்டுல இருக்குதுன்னே பாதி பேருக்கு நெனப்பு இருக்காது. ஒவ்வொருத்தனா தேடிப் போ. உனக்குத்தான் வூடு வூடா போவத் தெரியும்ல. எத்தனை மடங்குன்னு ஒண்ணும் சொல்லாத. அடுத்த திருவிழா கடைசி ஞாயித்துக்கெழமை பூச முடிஞ்சி பட்டறைக்கி வரச் சொல்லு. விக்கறவன் வரட்டும், வாங்கறவன் வரட்டும், ரெண்டும் இல்லாதவன் மொறுக்கு துண்ண வரட்டும். ஆளு வந்தாத்தான் அது சந்தை. யார் யாரு வர்றாங்கன்னு தூலோன் அட்ரசுக்கு எழுது.

நீயும் வர்றியான்னு எழுது.

அக்கா
அன்னாமேரி